முக்கால் மணி நேரம் முகங்களோடு

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையைப் பார்க்கும் ஆய்வுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துப் பெயர் கொடுத்தேன். அறிவியல் ஆர்வமெல்லாம் பெரிதாக இல்லை. போன் மணி அடித்தாலே பதறுகிற ஆள் நான். அந்தப் பதற்றம் மண்டைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்ற நப்பாசைதான்.

முதலில் கேள்விகள். பேஸ்மேக்கர் உண்டா, ஆபரேஷனில் வைத்த கிளிப் உண்டா, எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்ததா? கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். ஸ்கேன் மெஷினின் காந்தம் அந்தத் துகளை இழுத்தால் கண் போய்விடும் என்றார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

மெஷினில் படுத்ததும் காதில் அடைப்பான், முகத்துக்கு மேல் சிக்னலைப் பிடிக்கக் கூண்டு மாதிரி ஒரு கம்பிச்சுருள். ஒரு கையில் அவசரத்துக்கு அழுத்த ரப்பர் பந்து, மறு கையில் இரண்டு பட்டன்கள். கூண்டிலிருந்த சிறு கண்ணாடி வழியாகத் திரை தெரிந்தது. சுவரில் துளை போடும் மெஷினைத் தலைமாட்டில் ஓட்டுவது போலச் சத்தம். தலை அசைந்தால் படம் வீண் என்று சொல்லியிருந்தார்கள். சொல்லி வைத்தது போல மூக்கு அரிக்க ஆரம்பித்தது.

வேலை சுலபம். மேலே ஒரு முகம், கீழே இரண்டு. மேலே இருப்பது பயமா கோபமா என்று பார்த்து, அதே உணர்ச்சியுள்ள கீழ் முகத்துக்குப் பட்டனை அழுத்த வேண்டும். நடுநடுவே வெறும் முட்டை வடிவங்கள் வந்தன. முகங்களின்போது வரும் சிக்னலிலிருந்து முட்டைகளின்போது வருவதைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம். அந்த சிக்னலும் ரத்த ஓட்டத்திலும் ஆக்சிஜனிலும் நடக்கும் மாற்றம்தான்; உச்சத்துக்கு வரவே ஐந்தாறு நொடி ஆகும்.

வெளியே வந்ததும் இன்னொரு சோதனை. கம்ப்யூட்டரில் முகங்களைப் பார்த்து உணர்ச்சியின் பெயரைச் சொல்ல வேண்டும். என் பார்வை எங்கே போகிறது என்று ஒரு கேமரா பதிவு செய்தது. பயந்த முகங்கள் பலவற்றை 'ஆச்சரியம்' என்று சொல்லியிருந்தேன். ஆய்வு மாணவி பதிவைக் காட்டினார். என் பார்வைப் புள்ளிகள் பாதிக்கு மேல் வாயைச் சுற்றியே ஈ மொய்த்த மாதிரி கிடந்தன.

அப்போதுதான் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அரிய மரபணு நோயால் பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோனவர். மற்றவர் முகத்தில் பயத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணம் 2005-இல்தான் பிடிபட்டது: அவர் கண்களைப் பார்ப்பதே இல்லை. 'கண்ணைப் பாருங்கள்' என்று சொன்னதும் பயத்தைச் சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுப்பதும் அமிக்டலாவின் வேலை என்று அதிலிருந்துதான் தெரிந்ததாம்.

"அப்படியென்றால் என்னுடையது?"

திரையில் என் மூளையின் குறுக்குவெட்டைக் காட்டினார். கன்னப்பொட்டுக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பளவில் சாம்பல் நிறத் திட்டு. "இதோ, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. அதிகம் துடிக்கிறதா என்று ஒரே ஆளின் ஒரே ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. பலருடையதைச் சேர்த்துச் சராசரிதான் பார்ப்போம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு இன்னொன்றும் சொன்னார். பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்த அதே எஸ்.எம்., 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் பீதியில் முகமூடியை நோக்கிக் கையை ஆட்டி உதவி கேட்டாராம். 2013-இல் வந்த செய்தி. அமிக்டலாவே இல்லாமலும் பீதி வரும்! நான் தேடி வந்த முகவரியே தப்பு.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த ஆள் படிவத்தோடு நாற்காலியில் இருந்தார். வாயில் அழகான புன்னகை. இந்த முறை கண்ணைப் பார்த்தேன். மேல் இமைக்குக் கீழே வெள்ளை தெரிந்தது.

"மூக்கை இப்போதே நன்றாகச் சொறிந்துகொள்ளுங்கள்" என்றேன்.