கொ, போ வந்தால் மட்டும் பாடாத பிளேயர்

பொழுதுபோக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் குட்டி மியூசிக் பிளேயர் (மேலே பைத்தான் மொழி, அடியில் பாட்டை ஒலிக்கவைக்கும் ஜிஸ்ட்ரீமர், ஓடுவது லினக்ஸில்) ஒருவழியாகப் பாட ஆரம்பித்ததும், ஆசையில் மொத்தப் பாட்டுகளையும் அதில் கொட்டினேன். நடுநடுவே சில பாட்டுகளைச் சத்தமே காட்டாமல் தாண்டிப் போனது. தமிழ்ப் பெயர்தான் ஒத்துவரவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன், எல்லாவற்றையும் ஆங்கிலப் பெயராக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று தாண்டிய ஃபைல்களை மட்டும் ஒரு லாக்கில் எழுதவைத்துப் பார்த்தால், தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை ஒழுங்காகப் பாடியிருக்கின்றன, விழுந்ததில் பாதி ஆங்கிலப் பெயர். அந்தப் பாதியில் எல்லாவற்றிலும் # அல்லது % இருந்தது.

இது முழுக்க என் தப்பு. ஜிஸ்ட்ரீமரில் பாட்டை ஓட்டும் பாகமான பிளேபின் கேட்பது ஃபைல் பெயரை அல்ல, இணைய முகவரி பாணியில் எழுதும் யூஆர்ஐ முகவரியை. நானோ பெயருக்கு முன்னால் 'ஃபைல்://' என்று ஒட்டிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன். முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது பெயரில் சேராது, % வந்தால் அடுத்த இரண்டு எழுத்தும் ஒரு குறியீடு. அதனால் '100%' என்று முடியும் பெயரில் திணறியது. எங்கிருந்தோ இறக்கியபோது பெயரிலேயே %20 என்று ஒட்டிக்கொண்டு வந்த ஒரு ஃபைலை, %20 என்றால் இடைவெளி என்று தானே புரிந்துகொண்டு, இல்லாத ஃபைலைத் தேடிப் போனது. பைத்தானோடு வரும் பாத்லிப் நூலகத்தில் இதற்கென்றே ஆஸ்_யூஆர்ஐ என்ற செயல்கூறு இருக்கிறது, # என்பதை %23 என்றும் % என்பதை %25 என்றும் அதுவே மாற்றிவிடும். முழுப் பாதையாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும். ஒரு வரி மாற்றம், பாதிப் பிரச்சினை போச்சு.

ஒன்றே ஒன்று மட்டும் பிளேலிஸ்ட்டில் பாடவில்லை, அதன் பெயரே #1 என்று ஆரம்பிக்கிறது. பிளேலிஸ்ட்டைச் சேமிக்கும் எம்3யூ ஃபைலில் # என்று தொடங்கும் வரி வெறும் குறிப்பு. முன்னால் ./ போட்டேன், சரியாகிவிட்டது.

மிச்சம் இருந்த தமிழ்ப் பெயர்கள்தான் இரண்டு நாள் தின்றன. ஃபோல்டரில் இருந்து கிளிக் செய்தால் பாடுகிறது, நான் டைப் செய்த பிளேலிஸ்ட்டில் இருந்து போனால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை'. கண்ணெதிரே இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது! பட்டியலை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது, எல்லாப் பெயரிலும் கொ, போ, கௌ மாதிரி ஏதாவது ஓர் எழுத்து இருக்கிறது. பைட்டுகளை அச்சிட்டேன். யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் க என்பது 224, 174, 149 என மூன்று பைட். 'கொ'வுக்கு பிளேலிஸ்ட்டில் ஆறு பைட் இருக்கிறது, டிஸ்க்கில் ஒன்பது. ஒன்றில் க, அதோடு ஒரே குறியாக ொ. இன்னொன்றில் க, கொம்பு, கால் என்று பிரித்துப் போட்டிருக்கிறது. யூனிகோடின்படி இரண்டும் சமம், திரையிலும் அச்சு அசல் ஒன்று, ஆனால் லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடும். அந்தப் பாட்டுகள் பழைய மேக் டிஸ்க்கில் இருந்து வந்தவை, அதன் ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ்+ பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும்.

எல்லாப் பெயரையும் சேர்த்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். அவசரக் குடுக்கை வேலை. ஒரே பாட்டு இரண்டு வடிவத்திலும் இருந்த ஓர் இடத்தில், ஒன்று மற்றதன் மேல் கேள்வி கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டது, போனது நல்ல தரத்தில் இருந்த பிரதி. பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். அப்புறம் பெயர்களைத் தொடுவதையே விட்டுவிட்டு, ஃபோல்டரைப் படிக்கும்போது என்எஃப்சி வடிவத்தைச் சாவியாகவும் டிஸ்க்கில் உள்ள உண்மையான பெயரை மதிப்பாகவும் வைத்து, சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஒரு டிக்‌ஷனரி கட்டினேன். பிளேலிஸ்ட்டில் எந்த வடிவத்தில் வந்தாலும் முதலில் என்எஃப்சி ஆக்கி அதில் தேடுகிறது. ஒரு சாவிக்கு இரண்டு ஃபைல் வந்தால் எச்சரிக்கிறது.

இன்னும் ஆறு ஃபைல் பாக்கி. யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பெயர்கள், யூடிஎஃப்-8ஆகவே படிக்க முடியாத பைட்டுகள். வேடிக்கை என்னவென்றால் பாட்டு பாடுகிறது, அதன் பெயரைத் திரையில் அச்சிடப் போகும்போதுதான் புரோகிராம் விழுகிறது. டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துமுறையாக இருக்குமோ என்று, எழுத்துமுறைகளை மாற்றித்தரும் ஐகான்வ் கருவியிடம் கொடுத்ததில் நான்கு பெயர் அழகாகத் தமிழில் வந்தன. மற்ற இரண்டுக்கும் இப்போதைக்குக் கேள்விக்குறிதான் காட்டுகிறது.