மடித்து வைத்த ஓரம்

சூரிச்சில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பழைய சட்டங்கள் எத்தனையோ கழற்றியாயிற்று, ஆனால் பின்னட்டையைத் திறக்கும்போது கை தானாக மெதுவாவது இத்தாலிய ஓவியர் பியேரோ தொராட்சியோவின் அந்த லித்தோகிராப், அதாவது கல்லச்சுப் படம், வந்த பிறகுதான்.

கொண்டுவந்தவர் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா. கணவர் எழுபதுகளில் வாங்கியதாம், கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, மாற்றித் தந்தால் போதும் என்றார். படம் முழுக்க வண்ணப் பட்டைகள், பாய் முடைந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஓடுகின்றன. மஞ்சள்மேல் நீலம் போகும் இடத்தில் யாரும் பூசாத பச்சை ஒன்று எழும்பி நிற்கிறது. லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தகடு, ஒவ்வொன்றுக்கும் அதே தாள் மறுபடி அச்சுக்குள் போய் வர வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணில் குத்தும். தொராட்சியோ 1927இல் ரோமில் பிறந்தவர். 1947இல் அங்கே இளம் கலைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஃபோர்மா 1 குழுவில் ஒருவர், உருவம் வரையாமல் நிறத்தையும் ஒளியையுமே கடைசிவரை வேலையாக வைத்திருந்தவர்.

பின்னட்டையை எடுத்தேன். அமிலம் ஊறிய பழுப்பு அட்டை, மஞ்சளாகிப்போன ஒட்டுநாடா. அப்புறம்தான் பார்த்தேன், தாளின் கீழ் ஓரம் நாலு விரல் அகலத்துக்குப் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. கையில் இருந்த சட்டத்துக்குத் தாள் பெரிதாகப் போயிருக்கிறது, போட்டவர் மடித்து உள்ளே தள்ளியிருக்கிறார். எனக்கு வயிறு பிசைந்தது. மெதுவாக விரித்தால் இடப்பக்கம் பென்சிலில் 61/90, வலப்பக்கம் கையெழுத்து.

தொண்ணூறில் அறுபத்தோராவது தாள். எண் சின்னதாக இருந்தால் மதிப்பு கூடும் என்று பலர் கேட்பார்கள், லித்தோவில் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எனக்குப் பெரிதாகப் படுவது பென்சில். அச்சு இயந்திரம் தன் வேலையை முடித்த பிறகு ஓவியர் இந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்து, இது சரி, வெளியே போகலாம் என்று ஒப்புக்கொண்ட இடம் அது. பதிப்பு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள், அதனால் அந்தத் தொண்ணூறோடு சரி.

நானாக மடிப்பை நீவப் பார்க்கவில்லை. காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் அனுப்பினோம், அவர் ஈரப்பதம் கொடுத்துப் பலகைகளுக்கு நடுவே வாரக்கணக்கில் வைத்து எடுத்தார். நார் உடைந்த கோடு மட்டும் போகவில்லை. ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து மேல்விளிம்பில் மட்டும் தொங்கவிட்டேன். படத்தைச் சுற்றி ஜன்னல்போல் வரும் பஸ்பார்ட்டு அட்டையை, அதன் கீழ் விளிம்பு கையெழுத்துக்குக் கீழே வருமாறு வெட்டினேன்.

அம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். விலை என்ன போகும் என்று கேட்கவில்லை. "அவருக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். வாங்கும்போது பார்த்திருப்பார் என்றேன். மடிப்புக் கோட்டை அட்டையால் மறைக்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அதுவும் தெரியட்டும் என்றார்.

புதுச் சட்டம் பழையதைவிட ஒன்பது சென்ரிமீற்றர் உயரம். சுவரில் ஆணியை மேலே ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னேன். "நீங்களே வந்து அடித்துத் தாருங்கள்" என்றார். சனிக்கிழமை போய் அடித்துக் கொடுத்தேன், ஜன்னல் வெயில் படாத சுவரில்.