கேஸில் ஓடும் கன்ட்ரோலரைக் காற்றுக்கு மாற்றும்போது

மும்பை ஜூஹூவில் ஹெலிகாப்டர் ஏறி கடலில் உள்ள எண்ணெய், கேஸ் மேடைகளுக்குப் போய்வரும் நம்ம ஊர் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களிடம் மீத்தேன் என்றால், முதலில் ஃபிளேரைத்தான் (மிச்ச கேஸை எரிக்கும் குழாயை) காட்டுவார்கள். எண்ணெய், கேஸ், தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டர் பக்கத்தில், கேஸ் பிரஷரிலேயே வால்வை இயக்கி, அந்த கேஸை நாள் முழுக்க ‘ஸ்ஸ்’ என்று வெளியே ஊதும் லெவல் கன்ட்ரோலர் கணக்கிலேயே வராது. அது கசிவு இல்லையாம், டிசைனே அப்படித்தானாம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 1 கன மீட்டர் விடும் ஒரு பழைய கன்ட்ரோலர் வருஷத்துக்கு 8,760 கன மீட்டர் விடுகிறது. ஏறக்குறைய 6 டன் மீத்தேன். மணிக்கு 6 கன அடிக்கு (0.17 கன மீட்டர்) மேல் விட்டாலே அமெரிக்க விதியில் அது ஹை-பிளீட் (அதிகம் ஊதும் வகை); அதற்குக் குறைந்தால் லோ-பிளீட். பெயர்ப்பலகையில் லோ-பிளீட் என்று இருப்பதையும் நம்ப வேண்டாம். கன்ட்ரோலருக்குள் இருக்கும் நாசிலில் (கேஸ் போகும் சிறு துளையில்) அழுக்கு, ரிலேயில் தேய்மானம் என்றால் அதுவும் ஹை-பிளீட் மாதிரியே ஊதும். கொள்ளளவு தெரிந்த ஆன்டிஸ்டேட்டிக் பையை வென்ட்டில் (கேஸ் வெளியேறும் வாயில்) மாட்டி, நிரம்பும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் மூன்று தடவை எடுங்கள்.

கரன்ட் இருக்கும் இடத்தில் லோ-பிளீட் கிட்டுக்குச் செலவழிப்பதை விட இன்ஸ்ட்ருமென்ட் ஏருக்கே (கேஸுக்குப் பதில் கம்ப்ரெஸரில் அழுத்தி உலர்த்திய காற்றுக்கே) போய்விடலாம். லூப் (கன்ட்ரோலரும் அது இயக்கும் வால்வும்) ஒன்றுக்கு நிமிடத்துக்கு 1 கன அடி காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை உலர்த்தும் ஹீட்லெஸ் டிரையர் தன்னை உலர்த்திக்கொள்ளவே அந்தக் காற்றில் 15 சதவீதம் போல எடுத்துக்கொள்ளும். பலர் மறப்பது இதைத்தான். ஸ்டாண்ட்பை கம்ப்ரெஸர் ஒன்று கட்டாயம்.

மும்பை மழைக்காலத்தில் அடி வாங்குவது டிரையர். தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் அடைத்துக்கொண்டால் தண்ணீர் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) வரை ஏறும், அந்த மணிகள் நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள் நாசிலில் போய் உட்காரும். பிறகு வால்வு தடுமாறுகிறது என்று கன்ட்ரோலரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். லைன் பிரஷரில் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), அந்த இடத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையை விட 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். 12 டிகிரிக்கு இறங்கும் இடமென்றால் டியூ பாயின்ட் 2 டிகிரியோ அதற்குக் கீழோ.

பழைய கேஸ் லைனை ‘பேக்கப்’ என்று செக் வால்வோடு (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வோடு) விட்டுவைக்கவே கூடாது. செக் வால்வு பிடிக்காத அன்று கேஸும் காற்றும் ஒரே ஹெடரில் (பொதுக் குழாயில்) சேரும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். இணைக்கும் குழாய்த் துண்டை (ஸ்பூலை) கழற்றி இரண்டு பக்கமும் பிளைண்ட் (அடைக்கும் தகடு) போடுங்கள்.

மீத்தேன் ஒழுகும் அடுத்த இடம், கேஸை அழுத்தும் ரெசிப்ரோகேட்டிங் (பிஸ்டன்) கம்ப்ரெஸரின் ராட் பேக்கிங், அதாவது பிஸ்டன் ராடைச் சுற்றி கேஸை அடைக்கும் ரிங் செட். முன்பு 26,000 மணி நேரம் அல்லது 36 மாதத்தில் மாற்று என்பதுதான் அமெரிக்க விதி. 2024-இல் வந்த விதி, அளந்து பார்த்து சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 2 கன அடி தாண்டினால் சரிசெய் என்கிறது. இதுதான் உருப்படியான வழி. ராடில் கீறல் இருக்கிறதா, ரன்-அவுட் (ராட் நேர்கோட்டிலிருந்து விலகுவது) எவ்வளவு என்று பார்க்காமல் ரிங் செட்டை மட்டும் மாற்றினால் காசுக்குத்தான் கேடு. புது ரிங் ராடோடு படிந்து உட்காரக் கொஞ்ச காலம் ஆகும். போட்ட அன்றே அளந்து ‘ஃபெயில்’ என்று எழுத வேண்டாம். நிறுத்திய மெஷினைப் பிரஷரோடு விட்டாலும் பேக்கிங் ஒழுகும், அதனால் ஸ்டாண்ட்பையில் நிற்பதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.