தீயைத் தேடிப் போகும் மாடுகள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஃப்ளிண்ட் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியில் மாட்டுப் பண்ணை வேலை என்றால் தீ வைப்பதும் அதில் சேர்ந்ததுதான். மேலாகவே சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் கிடப்பதால் இங்கே கலப்பை இறங்கவில்லை, ஆள் உயரம் வளரும் புல்வெளியும் தப்பித்தது. ஆனால் எரிக்காமல் விட்டால் சிவப்பு சிடார் மரம் முளைத்துப் புல்லை மூடிவிடும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் எரிப்போம். காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். காற்று சுத்தமாக அடங்கிக் கிடந்தாலும் வேண்டாம், திடீரென்று எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. முதலில், காற்று வெளியேறும் ஓரத்தில் பற்றவைத்து, தீ காற்றை எதிர்த்து மெதுவாக நகரும்படி விட்டு, அகலமாகக் கருகிய பட்டை ஒன்று உருவாகும்வரை தண்ணீர் வண்டியோடு கூடவே நடந்து, பிறகு இரண்டு பக்கங்களையும் முடித்து, கடைசியாகத்தான் காற்று வரும் பக்கம் டிரிப் டார்ச்சை, அதாவது எரியும் எண்ணெயைச் சொட்டவிடும் கைப்பந்தத்தை, கொண்டுபோவோம். அப்புறம் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கருகிய பட்டைக்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

இங்கே பல பண்ணைகளில் வருடாவருடம் மொத்த நிலத்தையும் எரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றி மாற்றி எரிக்கும் முறையை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபூலென்டார்ஃபும் எங்கிளும் 2001-இலேயே எழுதிவிட்டார்கள். எரித்த இடத்தில் வரும் தளிரில் புரதம் அதிகம், மாடு அதை விட்டு நகராது. உள்ளே வேலி போட வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். அது அங்கேயே மேய்வதால் மற்ற இரண்டு பங்கிலும் புல் நின்று வளர்கிறது, அடுத்த தீக்கு அதுதான் எரிபொருள். வறட்சி வந்தால் அதுவே கையிருப்புத் தீவனம். முட்டையிட மறைவு தேடும் புல்வெளிக் கோழி என்ற காட்டுப் பறவைக்கும் இந்தப் பழைய புல்தான் வேண்டும், எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அது எங்கே போய்க் கூடு கட்டும்? புகையும் குறையும். ஏப்ரலில் இங்கிருந்து போகும் புகை கான்சாஸ் சிட்டி வரை மூச்சுக்குக் கெடுதலான தரைமட்ட ஓசோனைக் கூட்டுகிறது என்பது பண்ணைக்காரர்களுக்கே தெரியும்.

தாய்மாடும் கன்றுமாக வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் யோசித்துப் பார்க்கிறார்கள். குத்தகை நிலத்தில் இளங்காளைகளைக் கொஞ்ச மாதம் மேய்த்து எடைக்கு விற்பவர்கள்தான் தயங்குகிறார்கள், அவர்களுக்கு ஜூலைக்குள் எடை ஏற வேண்டும். அவர்களிடம் பறவையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வறட்சி ஆண்டில் தீவனம் வாங்க எவ்வளவு செலவானது என்றுதான் நான் பேச்சைத் தொடங்குகிறேன்.