மருந்துதானேன்னு சொன்னாங்க

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
டிவில நம்ம சிங்கப்பூர்ப் பிரதமரோட தேசிய தினப் பேரணி உரை ஓடிட்டிருந்துச்சு. இனிமே வேப், அதாவது மின்சிகரெட்ட, போதைப்பொருள் விஷயமாத்தான் பாக்கப் போறோம்னு சொன்னாரு. நான் முருங்கைக்காய் நறுக்கிட்டே கேட்டேன். மகன் தட்ட அப்படியே வச்சுட்டு ரூமுக்குள்ள போய்ட்டான். வயசு 17, இதெல்லாம் எப்பவும் நடக்கறதுதான்.

23 ஆகஸ்ட், சனி
அண்ணன் சாப்பிட வந்திருந்தாரு. பையன் ரூம்ல இருந்து வந்தவன் கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டே நிக்கறான், கால் தள்ளாடுது, விரல் தன்னால வெட்டி வெட்டி இழுக்குது, நான் ராத்திரி தூங்கலயான்னு திட்டிட்டிருக்கேன், அண்ணன் ஒரே ஒரு தடவ பாத்தாரு, சோத்துக் கையோட எழுந்து போய் அவன் பேக்க எடுத்துட்டு வந்தாரு. உள்ள வேப்ல மாட்டற ஒரு சின்ன பாட். கேபாட்டாம்.

"வேப்தானே மாமா, பவுடரா அடிச்சேன்?"

அதுல இருக்கறது எட்டோமிடேட். ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்கம் குடுக்கற மருந்து. டெலிகிராம்ல வாங்கியிருக்கான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு
தூக்கம் வரல, எழுதிடறேன். அண்ணன் கதையும் மருந்துலதான் முத்துச்சு. பவுடர, அதான் ஹெராயின, விடறதுக்குன்னு கிளினிக்ல சுபுடெக்ஸ் குடுத்தாங்க, நாக்குக்கு அடியில வச்சுக்கற மாத்திரை, அப்ப அது சட்டப்படியே கிடைச்சுச்சு, அம்மா கூட டாக்டர் குடுத்த மருந்துதானேன்னு நிம்மதியா இருந்தாங்க. இவரு அத கரைச்சு ஊசில ஏத்திக்கிட்டாரு. 2006 ஆகஸ்ட்ல அரசாங்கம் அத ஏ பிரிவு போதைப்பொருளாக்கிடுச்சு. அப்புறம் டிஆர்சி, அதான் போதை மறுவாழ்வு நிலையம், வெளிய வந்து மறுபடி பவுடர், மறுபடி டிஆர்சி, கடைசியில எல்டி ஒன்னுங்கற நீண்டகாலச் சிறை. அதுல குறைஞ்சது 5 வருஷம், கூட 3 ரோத்தான், அதான் பிரம்படி. யாராவது கேட்டா அப்பா "ஜோகூர்ல வேலை"ம்பாரு. ஊருக்கே தெரியும்.

இப்பவும் பாலிகிளினிக்ல ரத்தம் எடுக்கப் போனா கையில நரம்பு கிடைக்காது, நர்ஸ் தட்டித் தட்டிப் பாப்பாங்க, இவரே செருப்பக் கழட்டி கால நீட்டிடுவாரு. நேத்து அந்தக் கைய பையன் முன்னாடி மேசை மேல வச்சாரு. ஒண்ணும் பேசல.

28 ஆகஸ்ட், வியாழன்
சமூக மன்றத்துல வேப் போடறதுக்குன்னே தொட்டி வச்சிருக்காங்க. மாமாவும் மருமகனும் போய்ப் போட்டுட்டு வந்தாங்க. தானா முன்வந்து உதவி கேட்டா தண்டனை இல்லயாம், ஆனா போன் பண்ண எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, நம்பர அழுத்திட்டு கட் பண்ணிட்டேன், மூணு தடவ. போன வருஷம் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு சிஎன்பி பிடிச்சது 3,119 பேர், புதுசா மாட்டினவங்கள்ல பாதிக்கு மேல 30 வயசுக்குக் கீழ. பேப்பர்ல படிச்சப்ப யார் வீட்டுப் பிள்ளைங்களோன்னுதான் நெனச்சேன்.

1 செப்டம்பர், திங்கள்
இன்னிலேர்ந்து எட்டோமிடேட் சி பிரிவு போதைப்பொருள். பையன் எரிஞ்சு எரிஞ்சு விழறான், சாப்பாடு இறங்கல. இன்னிக்கு முதல் கவுன்சலிங், அண்ணன் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போனாரு.

லிஃப்ட்ல எதிர் வீட்டு அக்கா, "தம்பியக் காணோமே?"ன்னாங்க. ட்யூஷன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவன் மாமாகூட வெளிய போயிருக்கான்னு சொன்னேன். எந்த மாமான்னு கேட்டாங்க. என் கூடப் பொறந்த அண்ணன்தான்க்கான்னேன். அப்புறம் பத்தாவது மாடி வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.