"நல்லா ஓடுது, ஏன் கை வைக்கிறாய்?"

இன்டகிரேஷன் வேலையில, அதாவது வேற வேற சிஸ்டங்கள ஒண்டோட ஒண்டு கதைக்க வைக்கிற வேலையில, கன காலமா இருக்கிற ஆரிட்டயும் கேட்டுப்பாருங்கோ, அவையின்ட இடத்தில தொடவே விடாத ஒரு சேர்வர் கட்டாயம் இருக்கும். கேட்டா "நல்லா ஓடுது, ஏன் கை வைக்கிறாய்" எண்டுதான் சொல்லுவினம். எனக்கு இந்தக் கதை சுத்தமாப் பிடிக்காது, ஏனெண்டா அப்டேட் போடாம விடுற ஒவ்வொரு மாசமும் அடுத்த அப்டேட்டின்ட பயத்தக் கூட்டிக்கொண்டே போகுது, கடைசில வேற வழியில்லாம போடவேண்டிய நாள் வரேக்க ஒரேயடியா ரெண்டு வருஷத்து மாற்றம் முழுக்க தலையில விழும்.

நான் கூடுதலாப் பழகினது டபிள்யூஎஸ்ஓ2 எண்ட கம்பெனின்ட இன்டகிரேஷன் சொஃப்ட்வேரோட. 2005ல தொடங்கினது, கொழும்பில வேர் உள்ளது, அதால இஞ்ச அதில கை வச்சுப் பழகின பெடியங்கள் நிறையப்பேர். முந்தி பேட்ச் (திருத்தம்) எண்டா ஒரு சிப் ஃபைல் வரும், பேட்சஸ் ஃபோல்டருக்குள்ள போட்டு சேர்வர ரீஸ்டார்ட் பண்ணினாச் சரி. இப்ப அப்டேட் டூல் ஒண்டு இருக்கு, எந்த லெவலில நிக்கிறம் எண்டு தெரியும், நாங்கள் மாத்தின ஃபைலோட முட்டினா நிண்டு சொல்லும், அதைப் பாத்துச் சரி பண்ணிட்டுத் தொடரலாம். டூல் தன்ட வேலையச் சரியாத்தான் செய்யுது. ஆனா நாங்கள் டிராப்பின்ஸ் ஃபோல்டருக்குள்ள போட்டு வச்ச சொந்த ஜார் (ஜாவா கோடக் கட்டி வச்ச ஃபைல்) எல்லாம் அதுக்கு ஒண்டும் தெரியாது, அதுகள நாங்கள்தான் பாக்கோணும்.

இதை நல்லா விளங்கப்படுத்தினது 2021 டிசம்பர். லொக்4ஜே எண்ட, ஜாவா புரோகிராமுகள் லொக் (நடக்கிறதப் பதிஞ்சு வைக்கிற ஃபைல்) எழுதப் பாவிக்கிற லைப்ரரியில அந்தப் பெரிய ஓட்டை வெளியில வந்த கிழமை, ஆபத்துக்குப் பத்துக்குப் பத்து எண்டு மதிப்பு குடுத்த ஓட்டை, லொக்கில ஒரு வரி எழுத வச்சாலே வெளியாள் உள்ள வந்து தன்ட கோட ஓட்டலாம். அதை அடைக்க 2.15.0 வந்துது, அது முழுசாக் காணாதெண்டு 2.16.0, பிறகு 2.17.0, மாசம் முடிய முன்னம் 2.17.1. ஒவ்வொரு தடவையும் திரும்ப முதலிலயிருந்து. நான் போன ஒரு இடத்தில புரொடக்டுக்கு வந்த அப்டேட் எல்லாம் ஒழுங்காப் போட்டிருந்தினம், ஆனா எப்பவோ வேலைய விட்டுப் போன ஆரோ கட்டின ஒரு ஜாருக்குள்ள பழைய லொக்4ஜே அப்பிடியே மடிச்சு வச்சுக் கிடந்தது. ஃபைல் பேரால தேடினா வராது, ஜாரத் திறந்து அந்த ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐலுக்கப் கிளாஸ் இருக்கோ எண்டு பாத்தாத்தான் தெரியும். அந்த ஜார் என்ன செய்யுது எண்டு அந்த டீமில ஒருத்தருக்கும் தெரியேல்ல. அதுக்குத்தான் சொல்லுறன், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டிருந்தா அது எப்பவோ கண்ணில பட்டிருக்கும்.

இரவில செய்தாப் பிரச்சினை இல்ல எண்டு இன்னும் நினைக்கிற ஆக்கள் இருக்கினம். 2015ல பேங்குக்குப் பேங்கு உடன காசு அனுப்புற சீஃப்ட்ஸ் வந்தாப்பிறகு கொழும்பில பேங்குக்கு இரவு எண்டே ஒண்டு இல்ல, விடிய ரெண்டு மணிக்கும் வெள்ளவத்தையில இருந்து ஒருத்தர் கிளிநொச்சியில இருக்கிற அம்மாக்குக் காசு அனுப்புவார், அது உடன போய்ச் சேரோணும். அதால சேர்வர நிப்பாட்ட முன்னம் நான் முதல் பாக்கிறது உள்ள என்ன நிக்குது எண்டுதான். மெசேஜ் ஸ்டோர், அதாவது போகவேண்டிய மெசேஜுகள் காத்து நிக்கிற இடம், மெமரியிலயா, கியூவிலயா, டேட்டாபேஸிலயா? மெமரியில எண்டா ரீஸ்டார்ட் பண்ணின உடன நிண்டதெல்லாம் போயிடும், ஒரு லொக்கும் அழாது. டெஸ்ட்டுக்கு எண்டு வச்ச அந்த இன்மெமரி ஸ்டோர் அப்பிடியே புரொடக்‌ஷனுக்கு வந்து நிண்டத நான் கண்டிருக்கிறன். ஒரே வேலைய கன சேர்வர் சேந்து செய்யுற ஒரு கிளஸ்டரெண்டா, வேலையப் பிரிச்சுக் குடுக்கிற லோட் பாலன்சரில இருந்து ஒரு நோட (ஒரு சேர்வர) வெளியில எடுத்து, உள்ள நிண்டது முடியும்வரைக்கும் பொறுத்து, பிறகுதான் அப்டேட், அதுவும் ரெண்டாவது நோடத் தொட முன்னம் முதலாவதில உண்மையான டிராஃபிக் கொஞ்ச நேரம் ஓடி முடிஞ்சிருக்கோணும்.

சேர்வர் ஓடுற ஜாவாவயும் மறந்திடாதேங்கோ. 2021 ஏப்ரல் அப்டேட்டோட ஓப்பன்ஜேடிகே எண்ட ஜாவாவில, ரெண்டு சேர்வர் பாதுகாப்பாக் கதைக்கிற முறையான டிஎல்எஸின்ட பழைய 1.0உம் 1.1உம் தானா நிப்பாட்டியாச்சு, சரியான முடிவுதான், ஆனா அந்தப்பக்கம் இருக்கிற பேங்கின்ட ஒரு பழைய கோர் சிஸ்டத்துக்கு 1.0 மட்டும்தான் தெரியுமெண்டா ஹேண்ட்ஷேக்கே நடக்காது, இணைப்பே வராது. உடன ஜாவா செக்யூரிட்டி ஃபைலத் திறந்து பழையதத் திரும்ப விடுற ஆக்களும் இருக்கினம், அது நான் ஒத்துக்கொள்ளாத வேலை, அந்தப்பக்கத்து ஆக்களோட முதலே கதைச்சு அவைக்கு நேரம் குடுக்கோணும். எங்கட சேர்வரில போடுற அப்டேட் எங்கட சேர்வரோட மட்டும் நிக்கிறதில்ல, அதோட கதைக்கிற எல்லாரும் அதுக்குள்ள வந்திடுவினம்.

எங்கட டீமில ஒரு நல்ல பழக்கம் இருந்தது, போயா (பௌத்த ஆக்களின்ட முழுநிலா நாள்) இரவுகளில வாற வேலைய தமிழ், முஸ்லிம் பெடியங்கள் எடுப்பம், தைப்பொங்கல், தீபாவளி, பெருநாளெண்டா சிங்களப் பெடியங்கள் நிப்பினம். "மச்சான் நீ கோயிலுக்குப் போ, நான் பாக்கிறன்" எண்டு சொல்லுற அந்தக் குரலுக்கு நான் எப்பவும் நன்றியோட இருக்கிறன்.

இப்ப புதுசா வாற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதல் நாள் குடுக்கிற வேலை அப்டேட் போடுறதில்ல. டிராப்பின்ஸ், லிப் எண்ட ஃபோல்டர் ரெண்டையும் திறந்து, ஒவ்வொரு ஜாரும் ஆர் போட்டது, ஏன் போட்டது, எந்த ஃப்ளோ அதைப் பாவிக்குது எண்டு கேட்டு எழுதச் சொல்லுவன். அதோட திரும்பிப் போற நேரத்தயும் முதலே எழுதுவிப்பன், எத்தின மணிக்குள்ள சரி வராட்டி பழைய ஃபோல்டருக்குத் திருப்பிறது, அதை ஆர் சொல்லுறது எண்டு. ஏனெண்டா விடியப்புறம் களைச்சுப்போய் நிக்கேக்க "இன்னும் ஒரு பத்து நிமிஷம்" எண்டுதான் எல்லாருக்கும் வாயில வரும்.