இராவணன் மேலது நீறு

ஜூன் 11, செவ்வாய்

மகனுக்குக் காய்ச்சல் 102. பனடோல் குடுத்தாச்சு. பள்ளிக்கூடம் இல்லை.

ஜூன் 12, புதன்

இறங்குது, ஏறுது. கண்ணுக்குப் பின்னால நோகுதாம். கறுத்தக் கண்ணாடி கேட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

இரவு நெற்றியில் திருநீறு பூசி 'மந்திரமாவது நீறு' பாடினேன். கூன்பாண்டியனின் வெப்பு நோய்க்குச் சம்பந்தர் பாடினது. எங்கட வீட்டில் பனடோல் வரமுதலே காய்ச்சலுக்கு அதுதான். அம்மம்மா பாடும்போது ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. இவன் எட்டாவது பாட்டில் மறித்தான்.

"இராவணன் மேலது நீறா? அவன் வில்லன் எல்லே, அம்மா?"

சிவபக்தன் என்றேன்.

"அப்ப நல்லவனா?"

பேசாமல் படு என்றேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் எட்டாம் பாட்டை இவனுக்கென்றே வைத்திருக்கிறார். மலையைத் தூக்குவான், பெருவிரல் அழுத்தும், கத்துவான், பாடுவான், அருள் கிடைக்கும். அடுத்த பதிகத்தில் திரும்பவும் தூக்குவான். இத்தனை தரம் மன்னிக்கப்பட்ட ஆள் உலகத்தில் வேறு இருக்க மாட்டான். கம்பனிடம் போனால் அதே ஆளுக்குத் தப்ப வழியே இல்லை.

ஜூன் 13, வியாழன்

பிளேட்லெட் 142,000. என்.எஸ்.1 பொசிட்டிவ்.

டெங்குதான்.

பல்கனியில் நின்று மேலே பார்த்தேன். மேல்வீட்டு அன்ரியின் பூச்சாடிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தட்டு. தட்டு நிறைய மழைத்தண்ணி. எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொன்னால் சிரிப்பா, "ஓம் பிள்ளை, இண்டைக்கு ஊத்திறன்" என்பா.

சுகாதாரக் கந்தோருக்குக் கோல் எடுத்தேன். என் பெயர் சொல்லவில்லை. மாடியையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

வார்ட். 96,000.

விடிய நாலரைக்குச் சத்தி. ஓட்டோ பிடிச்சுத் தந்தது மேல்வீட்டு அன்ரிதான். நைட்டியோட காலி வீதிவரை ஓடினவ.

குடிக்கிறது எல்லாம் அளந்து எழுத வேணும். போற சலமும் அளந்து எழுத வேணும். ஜீவனி 100, இளநீர் 150, சலம் 120. சிவப்பு, கறுப்பு நிறத்தில் ஒன்றும் குடுக்கக்கூடாது, சத்தி எடுத்தால் இரத்தமா எண்டு தெரியாமல் போகுமாம். என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதினதில்லை.

அவன் தன்னுடைய கணக்கைத் தொடங்கிவிட்டான். பழைய சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மூன்று நிரல் கீறியிருக்கிறான். ஆள், மன்னிக்கலாமா, ஏன். சட்டங்களும் வைத்திருக்கிறான். அந்தக் கதைக்குள்ளே மற்ற எல்லாரையும்விட மோசமானவனாக இருக்க வேணும். வேற வழி இருந்தும் அதைச் செய்திருக்க வேணும். கடைசிவரை மனம் வருந்தியிருக்கக்கூடாது. மூன்றும் சரி வந்தால்தான் "ஏலாது" விழும். பதினொரு வயதுக்கு நல்ல சட்டம். பாராளுமன்றத்தில் இதைவிட மோசமானது பாஸ் ஆகியிருக்கு.

சகுனி முதல் சட்டத்திலேயே தப்பினான். பாரதத்தில் ஏமாத்தாதவர் ஆர்? தருமரே "அசுவத்தாமன் செத்தான்" எண்டு அரைப் பொய் சொல்லித்தானே துரோணரை முடிச்சது.

கூனிக்கு "மன்னிக்கலாம்". நான்தான் வாதாடினேன். சின்ன வயதில் இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவளுடைய கூனில் அடித்ததைக் கம்பன் மறக்காமல் எழுதியிருக்கிறான். அவளும் மறக்கவில்லை. "அப்ப தொடக்கினது ராமனெல்லே!" எண்டு கட்டிலில் எழும்பி இருந்தான். கனுலா இழுபட்டு அழுதான்.

அவெஞ்சர்ஸ் படத்துத் தானோஸ், இன்னும் முடிவில்லை. மகளை அழுதுகொண்டே மலையால் தள்ளினவன், அதால பாவம் என்றேன். "அழுதது அவன். விழுந்தது அவள்," என்றான்.

ஹரி பொட்டரில் வருகிற ரீச்சர் அம்பிரிட்ஜ், ஏலாது. யோசிக்கவே இல்லை, அழுத்தி எழுதினான். வோல்டமோர் எத்தனையோ பேரைக் கொன்றவன், அவனுக்கு இன்னும் நிரல் வெறுமையாக இருக்கு. இந்த ரீச்சருக்கு உடனே தீர்ப்பு. பிள்ளைகளின் கைத் தோலிலேயே "நான் பொய் சொல்லக்கூடாது" எண்டு கிழித்து எழுத வைத்தவள். வோல்டமோரை ஒருத்தரும் சந்திக்கப் போவதில்லை. அம்பிரிட்ஜிடம் நாங்கள் எல்லாரும் ஒரு வகுப்பாவது படித்திருக்கிறோம்.

ஜூன் 15, சனி

காய்ச்சல் விட்டிட்டுது. சந்தோசத்தில் இவருக்குக் கோல் எடுத்துச் சொல்லி முடிய, டொக்டர் வந்து இனித்தான் கவனம் என்றார். காய்ச்சல் இறங்கிற நேரத்தில்தான் இரத்தக்குழாயால் நீர் கசியத் தொடங்குமாம். ஒரு நாளோ இரண்டு நாளோ. வயிற்றை அமத்திப் பார்க்கினம். மணிக்கு மணி பிரஷர். "பய வென்ன எப்பா, அம்மே," எண்டு நேர்ஸ் மிஸி சொன்னா. பயப்படாதே எண்டு சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

58,000.

பின்னேரம் அசுவத்தாமன் கதை கேட்டான். நித்திரையில் கிடந்த பிள்ளைகள் ஐந்து பேரை இரவோடிரவாகப் பாசறைக்குள் புகுந்து கொன்றவன். வார்ட்டில் சொல்லுகிற கதையா இது? ஆனால் சொல்லத் தொடங்கினால் நிறுத்த விடமாட்டான். பாகவதத்தில் வருகிறபடி சொன்னேன். அர்ச்சுனன் அவனை மாடு மாதிரிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து திரௌபதிக்கு முன்னால் போடுகிறான். ஐந்து பிள்ளையும் போன தாய். அவள் சொல்லுறாள், அவிழ்த்துவிடுங்கோ, இவனுடைய தாய் இன்னும் உயிரோட இருக்கிறாள், நான் அழுகிற மாதிரி அவளும் அழக்கூடாது எண்டு.

இதைச் சொல்லும்போது பக்கத்துக் கட்டில் தாய் என்னைப் பார்த்தா. வத்தளைக்காரி, தமிழ் விளங்காது. முகத்தைப் பார்த்து விளங்கியிருக்கும். அவவுடைய மகளுக்கு 19,000.

"விட்டினமா?" என்றான்.

தலையில் இருந்த மணியைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள்.

"பிறகு?"

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்ட பிறகுதான் உத்தரையின் வயிற்றில் இருந்த கருவைக் குறிவைத்து அஸ்திரம் விட்டான். மன்னிப்பு வாங்கின கையோட. பாரதத்தில் ஒழுங்கு வேறு, அங்கே அஸ்திரத்துக்குப் பிறகு 3000 வருஷம் சீழும் இரத்தமும் வடியத் தனியே அலையச் சொல்லிக் கண்ணன் சபிக்கிறான். பாகவதம்தான் குரூரம். அங்கே திரௌபதி விட்டது வீணாகப் போகுது.

"ஏலாது," எண்டு எழுதினான். கொஞ்ச நேரத்தால், "ஆனா திரௌபதி விட்டது பிழை இல்லை, என்ன?" என்றான்.

எனக்கு மறுமொழி வரவில்லை. சலம் 80. குறைவு.

ஜூன் 16, ஞாயிறு

31,000. காலையில் 31, பின்னேரமும் 31. விழாமல் நிற்குதோ, விழப் போகுதோ.

அண்ணா வந்து வாசலில் நின்று சாப்பாடு தந்தார். பீ.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர், வந்தவராம். மேல்வீட்டில் பூச்சாடித் தட்டு இரண்டில் நுளம்புக் குடம்பி பிடிபட்டதாம். வழக்குப் போடுவினமாம். எங்கட வீடு பூட்டிக் கிடந்ததால் பிறகு கோல் எடுப்பினமாம்.

நல்லது. நல்லா வேணும். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மேலே தண்ணி தேக்கி வைச்சுக்கொண்டு சிரிக்கிறது.

அண்ணாவும் இவனுடைய கொப்பியில் மூக்கை நுழைத்தார். இராவணனுக்கு இன்னும் தீர்ப்பு இல்லையாம் என்றேன். "2019ல இலங்கை விண்வெளிக்கு அனுப்பின முதல் செயற்கைக்கோளுக்கே இராவணா-1 எண்டு பேர் வைச்சாச்சு. அவனை இனி ஆர் விசாரிக்கிறது?" இவரோ கட்டாரில் இருந்து வீடியோவில் சினிமா வில்லன் நம்பியார், நம்பியார் என்கிறார். அந்த மனுசன் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவர், அது நடிப்பப்பா என்றால், அப்ப படையப்பா நீலாம்பரி என்கிறார். நீலாம்பரிக்கு நான் "மன்னிக்கலாம்". பதினெட்டு வருஷம் அறைக்குள்ளே தன்னைத்தானே பூட்டி வைத்தவளுக்கு நாங்கள் என்ன தண்டனையைக் கூட்டிக் குடுக்கிறது?

இரவு. அவன் நித்திரை. நான் கதிரையில்.

என்னைக் கேட்டால் கொப்பியின் முதல் வரியில் மதுரைப் பொற்கொல்லன்தான் இருக்க வேணும். அவனுக்குச் சிலப்பதிகாரத்தில் ஒரு பெயர்கூட இல்லை. கோப்பெருந்தேவியின் சிலம்பை எடுத்தவன் அவன். வேற்றூரான் ஒருத்தன் அதே மாதிரி ஒரு சிலம்போட வந்து நிற்க, பழியை அவன் தலையில் போட்டான். இவ்வளவும் பயத்தில் செய்தது என்று விடலாம். அகப்பட்டால் தலை போகும், ஆர்தான் பயப்படமாட்டார்? அரசனிடம் போய்ச் சொன்னதையும் விடலாம். நான் விடாதது அதற்குப் பிறகு வருகிற இடம். காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் கொலைப்படுகிற ஆள் இல்லை என்கிறார்கள். வாளோட வந்தவர்களே தயங்கி நிற்கிறார்கள். அந்த இடத்தில் கொல்லன் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் காணும். அவன் சிரித்துவிட்டு, கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எண்டு எட்டுத் துணை இருக்கு என்று விரிவுரை வைக்கிறான். அவ்வளவு பொறுமையாக. வாத்தியார் மாதிரி. கடைசியில் வெறியில் நின்ற ஒருத்தன் வெட்டிப்போடுகிறான்.

பாண்டியன் "யானே கள்வன்" என்று விழுந்து செத்தான். அந்த நீதி அவனுக்கு இருந்தது. கொல்லன் என்ன ஆனான் என்று இளங்கோ சொல்லவே இல்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்தான் என்று மட்டும் உரைபெறு கட்டுரையில் இருக்கு. பிறகு மழை பெய்ததாம். ஒருத்தன் செய்ததுக்கு ஆயிரம். அந்த ஆயிரத்துக்குள்ளே அவன் இருந்தானோ இல்லையோ.

எனக்கு இன்றைக்குச் செழியனை விளங்குது. இந்த ஒழுங்கையில் இருக்கிற அத்தனை பூச்சாடியையும் உடைக்கலாம் போல இருக்கு.

ஜூன் 17, திங்கள்

24,000.

வத்தளைக்காரியின் மகளை ஐ.சீ.யூ.வுக்குக் கொண்டு போயிட்டினம். கட்டிலில் அவளுடைய ஒரு சொக்ஸ் கிடக்கு.

ஜூன் 18, செவ்வாய்

41,000! பசிக்குதாம். இடியப்பமும் சொதியும் கேட்டான்.

அக்காவை இருத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன், முழுகவும் உடுப்பு எடுக்கவும். குசினியில் ஏதோ ஊத்தை மணம். ஃபிரிட்ஜை இழுத்தேன்.

பின்னால கீழே, தண்ணி வடிகிற தட்டு. இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம், அப்படி ஒன்று இருக்கு என்பதே எனக்குத் தெரியாது.

நெளியுது.

பல்கனிச் சீமெந்தில் வெயிலுக்குள்ளே ஊற்றினேன். ஊற்றின இடத்தில் இருந்து நிமிர்ந்தால் மேல்வீட்டுப் பல்கனி. சாடி ஒன்றும் இல்லை.

2.15க்கு பீ.எச்.ஐ. கோல். வீட்டுக்குள்ளே எங்கேயும் தண்ணி தேங்கிற இடம் இருக்கா, ஃபிரிட்ஜ் தட்டுப் பார்த்தீங்களா எண்டு நல்ல தமிழில் கேட்டார்.

"ஒண்டும் இல்லை, சேர். எல்லாம் கிளீன்."

ஜூன் 19, புதன்

88,000. நாளைக்கு வீட்டுக்கு விடுவினம்.

டொக்டரைக் கேட்டேன், எங்க கடிச்சிருக்கும்? பகலில் கடிக்கிற நுளம்பு, பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம், ரியூசனாகவும் இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம், கடித்து நாலு தொடக்கம் பத்து நாளுக்குள்ளே காய்ச்சல் வரும், இனி ஆரைக் கண்டுபிடிக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வத்தளைப் பிள்ளை தப்பிட்டுதாம். மிஸி சொன்னா.

கொப்பியில் புது வரி: நுளம்பு. மன்னிக்கலாம். ஏன்: பொம்பிளை நுளம்பு மட்டும்தான் கடிக்கும், முட்டைக்கு இரத்தம் வேணும், வேற வழி இல்லை (சட்டம் 2).

"அந்தப் பொற்கொல்லனைப் பற்றிச் சொல்லுறன் எண்டீங்களே, அம்மா."

அது சின்னக் கதை, பிறகு சொல்லுறன் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

வீடு.

பின்னேரம் அன்ரி கொலகெந்தை, இலைக்கஞ்சி, கொண்டு வந்தா, போத்தலில், துணி சுற்றி. அவன் தலையைத் தடவினா. "மெலிஞ்சு போனான் ராசா." பிறகு என்னோட குசினிக்கு வந்து மெதுவாகச் சொன்னா, 26ஆந் திகதி கோர்ட்டுக்குப் போக வேணுமாம். வாழ்க்கையில் கோர்ட் வாசல் கண்டதில்லையாம். சாடி எல்லாத்தையும் குப்பை லொறிக்குக் குடுத்தாச்சாம், ஓர்க்கிட்டும், அங்கிள் இருந்த காலத்தில் வைத்த நித்தியகல்யாணியும்.

"என்ர தண்ணியாலதான் பிள்ளைக்கு வந்தது போல," என்றா. "எனக்கு நித்திரை இல்லை, பிள்ளை."

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அன்ரி அதில்தான் சாய்ந்து நின்றா.

பள்ளிக்கூடத்திலும் கடிச்சிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர் என்றேன். ரீ ஊத்திக் குடுத்தேன். சீனி போட மறந்துபோனேன். அவ ஒன்றும் சொல்லாமல் குடித்தா.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா. காலி வீதியில் வெளிச்சக்கூடு கட்டியிருக்கினம், தன்சலில் இலவசச் சாப்பாட்டுக்கு நீள வரிசை. பல்கனியில் கதிரை போட்டு அவனை இருத்தினேன். நீறு பூசிப் பாடினேன். எட்டாவது பாட்டில் தொண்டை அடைத்தது, சளி.

இராவணனுக்குத் தீர்ப்பு எழுத வேணும், கொப்பியைத் தாங்கோ என்றான்.

காணேல்லை என்றேன். ஃபிரிட்ஜுக்கு மேலே, மா ரின்னுக்குப் பின்னால இருக்கு.

ஜூன் 25, செவ்வாய்

இரவு 11.40. மேல்வீட்டில் இன்னும் லைட் எரியுது. செருப்புப் போட்டேன், படிவரை போனேன்.